வாசற்படியில் விழுந்த முடி

மூன்று வருடங்களுக்கு முன், மட்டாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டில் நடந்தது இது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக என் மனைவி உண்டாகியிருந்தாள். அவள் இருமினால்கூட ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், படியில் ஒரு கொத்துத் தலைமுடி. பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு, நரை, சின்னக் குழந்தையுடையது போல மெல்லிய முடி, எல்லாம் கலந்திருந்தன. ஒரே ஆளுடைய முடியாக இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், திருப்பூணித்துறையில் இருக்கும் மாமியாரிடம் போனில் சொன்னேன். "கூடோத்ரமாக்கும் அது. அவளை இங்கே கொண்டு விட்டுடுங்கோ" என்றார். கூடோத்ரம் என்றால் செய்வினை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டே படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

அன்று மாலை மழை மூட்டம். பின்மதிலுக்கு அப்பால், அந்த வீட்டில் தனியாக வசிக்கும் வயதான சேட்டன் குனிந்து நின்றார். யாரிடமும் அதிகம் பேசாதவர். உதடுகள் முணுமுணுக்க, சாக்கிலிருந்து எதையோ அள்ளி மண்ணில் தூவிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். முடி.

"சேட்டா, எந்தா இது?" என்று கத்திவிட்டேன்.

அவர் நிதானமாக நிமிர்ந்தார். "பெருச்சாளிக்காக்கும் மோனே. சேம்புக் கிழங்கு முழுக்கத் தோண்டிப் போடறது. மனுஷ வாசம் அடிச்சா பாத்திப் பக்கம் வராது. பார்பர் ஷாப்பிலேர்ந்து வாங்கினேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காக்கை பாத்தியில் இறங்கி, ஒரு கொத்தைக் கவ்விக்கொண்டு எங்கள் வாசல் மாமரத்துக்குப் பறந்தது. அங்கே அது கூடு கட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழேதான் எங்கள் படி.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "குட்டி பயந்துட்டாளா?" என்று என் மனைவியைப் பற்றி மட்டும் கேட்டார். மறுநாள் பாத்தியை மூடிப் பழைய மீன்வலை விரித்திருந்தது. பிறகு, சேம்பு விளைந்து தோண்டியதும் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி வேகவைத்து ருசித்துச் சாப்பிட்டாள். எல்லாம் தெரிந்த பிறகும் நான் அதைத் தொடவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது ஓடித் திரிகிறாள். ஆனால், எந்தத் தீங்கும் செய்யாத ஒரு மனிதரிடம் பேயைப் பார்க்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது என்பதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.