விருத்தாம்பாள் தனியாக ரயில் ஏறிய நாள்

இளையபெருமாளுக்குச் செஞ்சி கூட்டு ரோட்டில் சைக்கிள் கடை. வாடகைக்கு விட எட்டு சைக்கிள், பஞ்சர் பார்க்க ஒரு தொட்டித் தண்ணீர், காற்றடிக்க ஒரு பம்பு. கடைக்கு எதிரேதான் பஸ்கள் நிற்கும். திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் பஸ், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ் என்று எல்லா டிரைவர்களும் அவருக்குப் பழக்கம். ரயில் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது.

"பஸ்ஸுன்னா கையைக் காட்டினா நிப்பான். ரயில்காரன் கலெக்டர் கை காட்டினாலும் நிக்கமாட்டான்" என்பார்.

அவர் மனைவி விருத்தாம்பாளுக்குப் பஸ் ஆகாது. டீசல் வாடை மூக்கில் ஏறிய உடனே வயிற்றைப் புரட்டும். பக்கத்தில் இருக்கும் அனந்தபுரத்துக்குப் போவதென்றாலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவாள். அதனாலேயே மகள் வசந்தாவைத் திருச்சி உறையூரில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியும், மகள் குடியிருந்த வீட்டை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணம் செஞ்சியிலேயே நடந்துவிட்டது. பிறகு வசந்தாதான் இரண்டு தடவை வந்து போனாள்.

1964 வைகாசியில் வசந்தாவுக்கு வளைகாப்பு வைத்தார்கள். தாய் வீட்டு வளையல் போகாமல் முடியாது. செஞ்சியில் ரயில் கிடையாது. விழுப்புரம் வரை எப்படியும் பஸ்ஸில்தான் போக வேண்டும். அங்கிருந்து எதில் போவது என்பதில்தான் தகராறு.

"ரயில்ல போலாம்" என்றாள் விருத்தாம்பாள்.

"டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். வண்டிக்கு ரெண்டு மணி நேரம் நிக்கணும். பஸ்ல ஏறினா நாலு மணிக்குள்ள வசந்தா வூட்டுல காபி குடிக்கலாம்."

"நீங்க குடிப்பீங்க. நான் வழியெல்லாம் வாந்தி எடுத்துகினு போகணும்."

"அப்போ நீ ரயில்ல போ, நான் பஸ்ல வரேன்" என்றார் அவர், கோபத்தில். அப்படிச் சொன்னால் அவள் வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

விருத்தாம்பாள் "சரி" என்றாள்.

நாற்பத்திரண்டு வயது வரை அவள் தனியாக எங்கும் போனதில்லை. சொன்ன வார்த்தையை இருவருமே திரும்ப எடுக்கவில்லை. வளைகாப்புக்கு முதல் நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினார்கள். விழுப்புரம் போவதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இறங்கி முகம் கழுவியதும் இளையபெருமாள் ஸ்டேஷன் வரை வந்து, மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பச்சை டிரங்குப் பெட்டியைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டார். அந்த டிரங்குப் பெட்டியின் மூடியில் 'ம. இளையபெருமாள், செஞ்சி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. கடைப் போர்டு எழுதியபோது மிஞ்சிய பெயிண்ட்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல, எறங்கி வந்துடு" என்றார்.

"நீங்க ஏறி வாங்க" என்றாள் அவள்.

அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஒன்பது மணி வண்டி பத்தேகாலுக்குப் புறப்பட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் திருச்சி பாலக்கரையைச் சேர்ந்த ஹபீபுன்னிசா. அக்கா வீட்டுக்கு விழுப்புரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் இருவரும் பேச்சில் ஒட்டிக்கொண்டார்கள். விருத்தாம்பாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கண்ணாடி வளையல்களையும், மகளுக்கு எடுத்த மாம்பழக் கலர் புடவையையும், நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியையும் காட்டினாள். ஹபீபுன்னிசா வளையலைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "ஓரத்துல பூ வேலை நல்லா இருக்கு" என்றார்.

வயிறு புரட்டவில்லை. ஆனால் வண்டி நின்று நின்று போயிற்று. விருத்தாசலத்துக்கு முன்னால் சிக்னல் கைகாட்டி விழாமல் முக்கால் மணி நேரம் வெயிலில் கிடந்தது. பெட்டியில் குழந்தைகள் அழுதன. கூஜாவில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று.

விருத்தாசலம் ஸ்டேஷனுக்குள் வண்டி வந்து நின்றதும் விருத்தாம்பாள் கூஜாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இங்க ரொம்ப நேரம் நிக்கும்" என்று யாரோ சொன்னார்கள். குழாயடியில் இருபது பேர். அவள் முறை வந்து கூஜா பாதி நிறைவதற்குள் விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடினாள். செஞ்சியில் பஸ்ஸுக்கு ஓடுவதைப் போலவே ஓடினாள். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு, கிட்டே வராதே என்று கையை ஆட்டினார். வண்டி போய்விட்டது.

பிளாட்பாரத்தில் அவளும் அரைக் கூஜா தண்ணீரும்தான் மிச்சம். டிக்கெட்டை மட்டும் இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள். டிரங்குப் பெட்டி வண்டியோடு போயிற்று. உட்கார்ந்து அழலாம் என்று தோன்றியது. ஆனால் அழுதால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவள் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"பேரு என்னம்மா?"

"விருத்தாம்பாள்."

"இங்க இருக்கிற அம்மன் பேரைக் கேக்கலம்மா. உன் பேரு."

"அதாங்க என் பேரும்."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். பெட்டியின் அடையாளம் கேட்டுக்கொண்டு, அடுத்த ஊரான பெண்ணாடத்துக்குப் போன் போட்டு, டிரங்குப் பெட்டியை இறக்கி வைக்கச் சொன்னார். அடுத்த வண்டியில் அவள் ஏறிக்கொள்ள ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த வண்டி மூன்று மணிக்கு.

மூன்று மணி வரை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பசித்தபோது இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றாள். எதைச் செய்வதென்றாலும் வீட்டில் அவரைக் கேட்டுத்தான் செய்வாள். இங்கே கேட்க ஆள் இல்லை. அது முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் போனபின் அவ்வளவு பயமாக இல்லை.

மூன்று மணி வண்டி பெண்ணாடத்தில் நின்றதும் கதவருகே நின்று கத்தினாள். போர்ட்டர் ஒருவர் வெறுங்கையோடு வந்தார்.

"பொட்டி எங்கப்பா?"

"அந்த முஸ்லிம் அம்மா தரமாட்டேன்னுட்டாங்கம்மா. பொட்டி மேலயே உக்காந்துகிட்டாங்க. 'நீ யாரு, உன்னை எனக்குத் தெரியுமா? அந்த அம்மா கையிலதான் கொடுப்பேன். திருச்சி ஸ்டேஷன்ல இருப்பேன்னு சொல்லு'ன்னாங்க."

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரப் பழக்கம். அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் இருட்டும் வரை யார் காத்திருப்பார்கள்? அரியலூர், லால்குடி தாண்டி வண்டி போகும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாளின் பஸ் தொழுதூர் அருகே பஞ்சராகியிருந்தது. மாற்றிப் போட்ட சக்கரத்திலும் காற்று நிற்கவில்லை. அவர் சும்மா இராமல் டிரைவருக்கு யோசனை சொல்லப் போனார். "பெரியவரே, இது சைக்கிள் இல்ல" என்று டிரைவர் சொன்னதில், புளியமரத்தடியில் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உறையூர் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை.

வசந்தா வாசலுக்கு வந்தாள். "நைனா, அம்மா எங்க?"

"இன்னும் வரலியா?"

காபி குடிக்காமல் அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினார். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே போனால், காலை வண்டி எப்போதோ வந்துவிட்டது என்றார்கள். பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். அங்கே ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் பச்சை டிரங்குப் பெட்டி. மூடியில் அவர் பெயர். அதன்மேல் முன்பின் தெரியாத ஒரு பெண்.

"அம்மா, இது எங்க வூட்டுப் பொட்டிங்க."

"அப்படியா? உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார் ஹபீபுன்னிசா.

"வளையல். புடவை."

"வளைகாப்புக்குப் போற பொட்டியில வேற என்ன இருக்கும்? புடவை என்ன கலர்?"

இளையபெருமாள் விழித்தார். எடுத்து அடுக்கியதெல்லாம் விருத்தாம்பாள். "அது... பச்சையா இருக்கும்" என்றார்.

"போங்க, போய் அந்தப் பக்கம் உக்காருங்க."

"மேல எழுதியிருக்கிற பேரு என் பேருதாம்மா. விருத்தாம்பாள் என் சம்சாரம். அவ எங்கம்மா?" அவர் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் ஹபீபுன்னிசா அவரை நம்பினார். நடந்ததைச் சொன்னார். ஆனாலும் டிரங்குப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏழே காலுக்கு வண்டி வந்தது. விருத்தாம்பாள் இறங்கினாள். முகமெல்லாம் கரி. கையில் கூஜா. முதலில் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் ஹபீபுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

"காபி குடிச்சீங்களா?"

அவர் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஹபீபுன்னிசாவும் வந்து வசந்தாவுக்கு இரண்டு வளையல் போட்டுவிட்டார். பிரசவத்துக்கு வசந்தாவை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குத் திரும்ப வேண்டும். எதில் போவது என்று யாரும் பேச்செடுக்கவில்லை. இளையபெருமாளே விழுப்புரத்துக்கு மூன்று ரயில் டிக்கெட் எடுத்து வந்தார். "புள்ளத்தாச்சிக்குப் பஸ் குலுக்கும்" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் வண்டி நின்ற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆவணியில் பேத்தி பிறந்தாள். அதன் பிறகு விருத்தாம்பாள் வருடத்துக்கு இரண்டு தடவை திருச்சிக்குத் தனியாகவே போய் வந்தாள். தண்ணீரை மட்டும் இரண்டு கூஜாவில் வீட்டிலிருந்தே கொண்டுபோவாள். தெருவில் பெண்கள் யாராவது ரயிலில் போக வேண்டியிருந்தால் அவளிடம் வந்து விவரம் கேட்பார்கள். எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

இளையபெருமாள் பஸ்ஸை விடவில்லை. 1968-ல் ஹபீபுன்னிசாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம். விருத்தாம்பாள் முதல் நாளே ரயிலில் போய்விட்டாள். அவர் கடையைச் சாத்திவிட்டு மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்தார். பாலக்கரைக்கு வந்து சேரும்போது நிக்காஹ் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. "கிளட்ச் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கை கழுவினார். ஹபீபுன்னிசாவின் வீட்டுக்காரர் தன் பக்கத்திலேயே அவருக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.