திண்டிவனத்துத் தலைவலிகள்

என் சித்தப்பா அப்பாதுரைக்கு விக்கிரவாண்டி பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காடு இருந்தது, கரும்பு இருந்தது, வாயும் இருந்தது. எண்பத்தாறில் அவர் மகள் கிருஷ்ணவேணி ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்ததுமே, பெண் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டார். மார்க்கே வரவில்லை. பெண்ணைக் கேட்கவும் இல்லை. அவளுக்கோ அந்த வேலை பிடிக்குமா என்றே தெரியாது. விண்ணப்பம் போடுவதற்குள் கிட்டே இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அடம்பிடித்தாள். சித்தப்பா அவளைத் திண்டிவனத்தில் தெரிந்த டாக்டர் கோதண்டபாணியிடம் கொண்டுபோய் விட்டார். போக வர அவளுக்கு நான் துணை.

டாக்டர் தங்கமான மனிதர். காய்ச்சல், பேதி, தேள்கடி எல்லாம் பார்ப்பார். ஆனால் அவருக்குப் பெருமை தலைவலியில்தான். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு இவ்வளவு தலைவலி வருவது வெயிலில் மல்லாட்டை பிடுங்குவதால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்திலும் வருகிறதே என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

கிருஷ்ணவேணி அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வருகிற பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலைவலி என்பார்கள். மாத்திரை வாங்குவார்கள், போவார்கள். சீக்கிரமே அவளுக்கு அலுத்துவிட்டது. இதற்கா இத்தனை வருஷம் படிப்பது, வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள் என்னிடம். சித்தப்பா முகம் போகிற போக்கை நினைத்து எனக்குப் பயமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் வெள்ளையம்மாள் வந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போனவள், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கிருஷ்ணவேணியை வாசலில் மடக்கினாள். தலையில் ஒன்றும் இல்லையாம். மாசக்கணக்காக உதிரம் நிற்கவில்லையாம். நடந்தால் கண் இருட்டுகிறதாம்.

"இத டாக்டர்கிட்ட சொல்றதுதானே?"

"ஆம்பளகிட்ட எப்படிம்மா சொல்றது? அதான் தலவலின்னேன்."

கிருஷ்ணவேணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். டாக்டர் விசாரித்தார். தலைவலிதாங்க என்றாள் வெள்ளையம்மாள். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் கிருஷ்ணவேணியிடம் சொன்னாள். அது சின்ன அறை. சொன்னதெல்லாம் டாக்டர் காதில் விழுந்தது. ஆனாலும் கிருஷ்ணவேணி திருப்பிச் சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டதாகக் கணக்கு. அவர் கேள்வியைக் காலண்டரிடம் கேட்டார். அதையும் இவள் திருப்பிச் சொன்னாள்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றார் டாக்டர். அங்கே பொம்பளை டாக்டர் இருப்பாங்களா என்று கேட்டாள் வெள்ளையம்மாள். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

"அப்ப வேணாங்க. இந்தப் பாப்பா படிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் பொறுத்துக்கிறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் சொன்னபடியே பொறுத்துக்கொண்டு செத்துப்போவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே பஸ்ஸில் ஏற்றி, வழி நெடுகத் திட்டிக்கொண்டே பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்ததும் ஆண் டாக்டர்தான். அங்கேயும் நடுவில் நின்று திருப்பிச் சொன்னாள். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், வெள்ளையம்மாள் பிழைத்தாள்.

சேதி பரவியது. அந்தப் பாப்பா இருக்கா என்று கேட்டுக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். திண்டிவனத்தில் தலைவலி அடியோடு ஒழிந்தது. பாவம், டாக்டர்தான் இடிந்துபோனார். இத்தனை வருஷம் எதற்குத்தான் மாத்திரை கொடுத்தேன் என்று என்னிடமே கேட்டார்.

மார்க்கும் வந்து, விண்ணப்பம் போடும் நாளும் வந்தது. சித்தப்பா முதல் தடவையாகப் பெண்ணிடம் பயந்து பயந்து கேட்டார். போடுங்கப்பா என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் வேலை அவ்வளவு பிடித்துவிட்டதா என்றார்.

"நடுவுல நின்னு எவ்ளோ நாளைக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருக்கிறது? எங்கிட்டயே நேரா சொல்லட்டும்."