கழுவிய கை

அம்மை குத்துகிறவனை "வாங்க, உட்காருங்க" என்று சொன்ன வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊர் ஊராகக் கதவைத் தட்டிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நான் பெட்டியும் கையுமாகத் தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குள் ஒளியும். நாய் மட்டும் எதிர்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு வேப்பிலை

ஆரம்பாக்கத்தில் பெரியம்மை என்று தகவல் வந்தது. ரயிலை விட்டிறங்கி ஓடினேன். ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் கன்னியம்மா, ஏழு மாசக் கர்ப்பிணி. ஊரில் நோய் இல்லாதபோது கர்ப்பிணியை விட்டுவிடு, பிரசவம் ஆகட்டும் என்பதுதான் எங்களுக்குச் சொன்ன பாடம். நோய் பக்கத்து வீட்டிலேயே இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கர்ப்பிணிக்கு அது வந்துவிட்டால் தாயும் பிள்ளையும் பிழைப்பதே அபூர்வம்.

மாமியார் நாகம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் மருமகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னாள். "குத்திட்டு சீக்கிரம் கெளம்பு நைனா. ஆத்தா பக்கத்து ஊட்லதான் கீறா, காதுல வுழப் போவுது!"

மழமழ கை

சில நாள் கழித்துப் போனேன். குத்திய இடம் சிவந்து தடித்திருக்க வேண்டும். கன்னியம்மாவின் கையோ மழமழவென்று இருந்தது. "இன்னாம்மா பண்ணீங்க?" என்றேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். நான் தெருமுனை தாண்டுவதற்குள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த தண்ணீரை ஊற்றி, மருந்தைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள் நாகம்மா. ஆத்தா கோபித்துக்கொள்ளக் கூடாதாம்!

அதற்குள் பக்கத்து வீட்டில் இன்னொருவரும் படுத்துவிட்டார். "நீங்க கழுவினது மருந்தை இல்லம்மா, உங்க மருமக உசுரை!" என்று அலறிவிட்டேன். நாகம்மா திருப்பிக் கத்துவாள் என்று பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஆத்தா வந்தப்ப வயித்துல ஆறு மாசம். என்னை உட்டுட்டு புள்ளைய எடுத்துக்கினா. மறுக்கா கோச்சுக்கினா நான் தாங்குவனா, நைனா?"

விசிறி

பெட்டியை மறுபடி திறந்தேன். நாகம்மா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று பயந்தேன். பனை விசிறியோடு வந்தாள். நான் குத்தி முடித்ததும், மருந்து காயும் வரை மருமகள் கையை விசிறினாள். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "ஆத்தா, கோவம்னா என் மேல காட்டு. அவ மேல காட்டாதே!"

வரிசை

இந்த முறை குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியது; மருந்து பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். நோய் இந்த வாசலைத் தாண்டவில்லை. கன்னியம்மாவுக்குப் பெண் பிறந்தது. தாய்க்குக் குத்தியது பிள்ளையையும் கொஞ்ச காலம் காக்கலாம், அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லி, குழந்தைக்குக் குத்தப் போனேன். நாகம்மா விசிறியோடு தயாராக இருந்தாள். அவள் பின்னால் எட்டிப் பார்த்தேன். தெருவிலுள்ள கர்ப்பிணிகள் எல்லோரும் வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

இப்போது ஊரில் அம்மை இல்லை, பிரசவம் ஆனதும் வாருங்கள் என்று கும்பிட்டேன். நாகம்மா விசிறியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அன்னிக்குக் குத்தணும்னு கத்தினே, இன்னிக்கு வேணாம்னு கத்தறே. நீ இன்னா ஆளு நைனா!"

இந்த உத்தியோகத்தில் வாங்கிய திட்டுகளில் அது ஒன்றை மட்டும் கழுவாமல் வைத்திருக்கிறேன்.