கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற கோமளா அக்கா

செய்தி வந்தபோது நான் வெந்நீருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். திருப்பதியில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில், மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய சேலத்துக் குடும்பம் ஒன்று, மூன்றாம் மாடியில் வெந்நீர் வரவில்லை என்று என் மேசையைச் சூழ்ந்து நின்றது. கைப்பேசியில் தயாளன் பெயர் தெரிந்தது. அவன் காரணமில்லாமல் கூப்பிடுகிறவன் இல்லை. “அண்ணா, கோமளா அக்கா பூட்டாங்கண்ணா” என்றான். காலையில் தறிக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். சரி என்றேன். மூன்றாம் மாடிக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெந்நீர் வந்தது.

விடிவெள்ளிக் கால்பந்துக் கழகத்தின் ரசிகர்களாக இருக்கிறவர்களுக்கும், இருந்துவிட்டுப் போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். தெரியாதவர் யாராவது படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். மாங்காய் சீசனில் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை, மற்ற மாதங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் நம் மைதானத்தை ஒட்டிய விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை. வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைக் குப்பம் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கோல்கீப்பர் தயாளனின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனைத் திட்டுவார். அவ்வளவுதான் அவர் வரலாறு. ஒரு ரசிகருக்கு இதற்குமேல் என்ன இருக்க முடியும்?

அவர் மைதானத்துக்கு வந்ததே சண்டை போடத்தான். ஒரு ஞாயிறு நம் பக்கத்துக் கோலுக்குள் போன பந்து, கிழிந்த வலையைத் தாண்டி, கொட்டகைச் சன்னல் வழியாக உள்ளே விழுந்து, சுற்றி வைத்திருந்த நூலையெல்லாம் சிக்கலாக்கிவிட்டது. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா நேராக மைதானத்துக்குள் வந்தார். உதைத்தவனை விட்டுவிட்டுத் தயாளனைப் பிடித்துக்கொண்டார். “நீ புடிச்சிருந்தா எங்க நூலு நாசமாயிருக்குமா? கைய பாக்கெட்ல வச்சிக்கினு இன்னாடா பண்ணிக்கினு கீற?” கூட்டம் சிரித்தது. நடுவர் பந்தைக் கேட்டார். அக்கா கொடுத்தார், ஆனால் போகவில்லை. மறுபடி கோல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊரில் கால்பந்துக்கு ஒரு ரசிகை இப்படித்தான் கிடைத்தார்.

அதிலிருந்து ஆண்டுக்கணக்கில் அந்த இடம் அவருடையது; இடைவேளையில் தயாளன் பக்கம் மாறினால் அவரும் மாறிக்கொள்வார். கோல் விழும்போதெல்லாம் தயாளன் பின்னால் திரும்புவான். அக்கா திட்டுவார். அவன் தலையை ஆட்டிவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொள்வான். திட்டு வாங்காமல் அவனால் அடுத்த பந்தைப் பிடிக்க முடியாது என்றுகூடச் சொல்வோம். “பந்து இன்னா மாமியா வூட்டு பலகாரமா, தானா கைக்கு வர்றதுக்கு?” என்பது அவருக்கு மிகவும் பிடித்த திட்டு. எதிரணி ரசிகர்கள்கூட அதைக் கேட்க அந்தப் பக்கம் வந்து உட்காருவார்கள். தெலுங்கில் கேட்பவர்களுக்குத் தெலுங்கிலும் சொல்வார். நல்ல பந்தைத் தயாளன் பிடித்துவிட்டால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார், புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். எழுதவே அலுப்பாக இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. லீக்கின் கடைசி ஆட்டம். நாம் ஏற்கெனவே இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தோம். வந்த அணிக்கோ பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் லீக்கில் இடம். அவர்கள் ஊரைச் சொல்ல வேண்டாம், அவர்களும் அனுபவித்துவிட்டார்கள். ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். எனக்கு அன்று லாட்ஜில் டூட்டி. யாரோ கோல் பக்கம் நின்று போனில் எடுத்த வீடியோவைத்தான் பார்த்தேன். முதல் கோலுக்கு அக்கா குரல் கேட்கிறது. இரண்டாவதற்கும் கேட்கிறது. தயாளன் இரண்டு முறையும் திரும்பவில்லை. மூன்றாவது கோலிலிருந்து அக்கா குரலே இல்லை. ஆட்டம் முடியும் வரை பின்னால் நின்றுகொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த ஆட்டம் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்கே விளங்கியிருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். வீடியோ ஊர் ஊராகச் சுற்றி, திருப்பதியில் லீக் நடத்துகிறவர்கள் கைக்குப் போனது. விசாரணைக் குழு போட்டார்கள். வீரர்கள் எல்லோரும் உடம்பு சரியில்லை, வெயில், தரை வழுக்கியது என்றார்கள். பிறகு, வீடியோவில் பாதியில் குரல் நின்றுபோன அக்காவைக் கூப்பிட்டார்கள். கழகத்துப் பெரியவர்கள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு யோசனை சொன்னார்கள். அன்று உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிடு, யாருக்கும் பாவமில்லை, கழகமும் பிழைக்கும். நல்ல யோசனைதான். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

திருப்பதிப் பேருந்து நிலையத்தில் இறங்கிய அக்காவை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். வழியில், உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்கினேன். கழகத்தை நீக்குவார்கள், தயாளனுக்குத் தடை வரும், ஊரில் உங்களிடம் யாரும் பேச மாட்டார்கள் என்றேன். அக்கா ஒரு பழக்கடை ஓரமாக நின்றார். “இத்தினி வருசமா நான் அவன திட்டுனது நெஜம் தம்பி. இப்ப தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொன்னா அதெல்லாமும் பொய்யா பூடும்” என்றார். பிறகு இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டார்.

விசாரணை தெலுங்கில் நடந்தது. என்னைக் கதவருகில் உட்கார விட்டார்கள். ஏன் பாதியில் பேசாமல் இருந்துவிட்டீர்கள் என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “வாடு ஆடலேது சார். ஆடனிவாண்ணி எலா திட்டேதி?” அவன் ஆடவே இல்லை, ஆடாதவனை எப்படித் திட்டுவது என்று கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். அக்கா குடிக்கவில்லை.

இரண்டு கழகங்களையும் இரண்டு ஆண்டுகள் லீக்கிலிருந்து நீக்கினார்கள். இறுதிப் போட்டி போயிற்று. தயாளனுக்கும் இன்னும் சிலருக்கும் அதே இரண்டு ஆண்டுத் தடை. இதை ஏற்பாடு செய்த நம் செயலாளர் இனிமேல் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள்.

ரசிகர்களாகிய நாம் செய்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவன் பேருந்து நிலையத்தில் கழகத்தின் பச்சைச் சட்டையை எரித்தான். மறுவாரம் அதே மாதிரி இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றான். எல்லாக் கழகமும் செய்வதுதான், நாம் மாட்டிக்கொண்டோம் என்று சிலர் சொன்னார்கள். நாம் தமிழ்க்காரர்கள் என்பதால்தான் திருப்பதிக்காரர்கள் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதே தண்டனை வாங்கிய எதிரணி முழுக்கத் தெலுங்குக்காரர்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஊர் ரசிகர்களோ நகரிக்காரர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள் என்றார்களாம். நம் வாட்ஸாப் குழுவில் அக்கா படத்தைப் போட்டுத் துரோகி என்று எழுதினார்கள். எழுதினவர் யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். குழுவை நடத்தியவன் நான். படத்தை நீக்கினேன், மறுபடி போட்டார்கள், மறுபடி நீக்கினேன். இப்படியே சில மாதங்கள் போயின. மனுஷனுக்கு ஒரு கட்டத்தில் எல்லாம் சலித்துப்போகிறது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் மணியை உங்களுக்குத் தெரியும், நம் கொடியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு திரிந்தவன். அக்கா கை காட்டினால் நிறுத்தாமல் போக ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்ற ஆட்டோக்காரர்களும் அப்படியே செய்தார்கள். அக்கா வீட்டிலிருந்து கொட்டகைக்கு நடந்தே போனார். ஊருக்கு வந்தபோது இதைக் கேள்விப்பட்டு நான் மணியிடம் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அக்கா தடுத்தார். “அவனுக்கு வயிறு எரியுது, வுடு. எனக்கு மட்டும் எரியலியா?” என்றார். அவருக்கும் அது தண்டனைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறுதிப் போட்டிக்குக் கட்டிக்கொண்டு போகப் பச்சைப் புடவை எடுத்து வைத்திருந்தார், பாவம்.

தயாளன் ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அவனே பின்னால் சொன்னான். அக்கா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்க்காமல், “எங்கிட்ட அழுது இன்னா ஆவப்போவுது? ஞாயித்துக்கெழம வந்து நில்லு” என்றாராம். ஆட்டத்துக்குத்தான் தடை, பயிற்சிக்குத் தடை இல்லை. அவன் போய் நின்றான். மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். பார்க்க ஆளே இல்லாத மைதானத்தில், கம்பத்துக்குப் பின்னால் அக்கா மட்டும் நின்று திட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் நானும் போய்ப் பார்வையாளர் படிக்கட்டில் உட்காருவேன். வெயிலில் அந்த ஒரு குரல் மட்டும் கேட்கும். சில நாள் எனக்குச் சிரிப்பு வரும், பல நாள் எரிச்சலாக இருக்கும். இந்த ஊருக்காக எதற்கு இத்தனை பாடு என்று தோன்றும்.

தடை முடிகிற சமயத்தில் அக்காவுக்கு ஒரே கவலைதான். கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னார். “அவன் மறுபடி ஆட வந்தா ஒரு கோலாவது வுடுவான் இல்ல? நெஜமாவே தவறினாலும் ஜனம் வேணும்னு வுட்டான்னுதான் சொல்லும். அத்த நெனச்சா எனக்கு தூக்கம் வர்ல தம்பி.” அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நான் கத்துவேன். நான் கத்துனா அவங்களுக்கு வெளங்கும்” என்றார். முதல் ஆட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அதற்குள் போய்விட்டார்.

சாவுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். மணி ஆட்டோவைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, குப்பத்திலிருந்து வந்த உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனான், வந்தான். தயாளன் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான்.

போன ஞாயிறு நம் முதல் ஆட்டம் நடந்தது. படிக்கட்டில் பாதிதான் நிரம்பியிருந்தது. யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியிலேயே அது நடந்தது. தூரத்திலிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து, யாராலும் பிடிக்க முடிகிற பந்து, தயாளன் கையில் பட்டு நழுவிக் கோலுக்குள் போனது. எனக்குப் பின்னால் ஒருவர், “ஆரம்பிச்சிட்டான்யா” என்றார். தயாளன் பின்னால் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. திரும்பினவன் அப்படியே நின்றுவிட்டான். நம் ஆட்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விட்டார்கள், அவன் இன்னும் கொட்டகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் யாரையும் உரக்கத் திட்டியவன் இல்லை. திட்டு வாங்குவதுதான் என் தொழில். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். “டேய் தயாளா, பந்து இன்னா மாமியா வூட்டு பலகாரமா, தானா கைக்கு வர்றதுக்கு?” என்று கத்தினேன். குரல் பாதியில் பிசிறியது. படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். தயாளன் என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான், மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். சற்று நேரத்தில் படிக்கட்டிலிருந்து இன்னொரு குரல் அவனைத் திட்டியது. அது மணியின் குரல். பிறகு பலரும் திட்டினார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம், ஆட்டம் முடியும் வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற இடம்தான். நான் கேட்டு வாங்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மறுநாள் லாட்ஜில் சாவி வாங்க வந்த ஒரு அம்மா, என்ன சார் குரலே வரவில்லை என்று கேட்டார். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். உண்மையாகவே கட்டியிருந்தது.