அமைச்சரின் ஒரே ஞானமகள்

ஸ்டாமாடிஸ் ஃபுர்னாரகோஸ் அமைச்சராக இருந்தபோது எங்கள் மலைக்குத் தார்ச்சாலை போட்டார், பாலங்கள் கட்டினார். அதையெல்லாம் எங்கள் ஊரான கஸ்ட்ராகிச் சதுக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் ஏறாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

அவர் வலதுசாரி. மன்னர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். எங்கள் வீடு இடது. என் கணவர் கோஸ்மாஸுக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே தும்மல் வரும். பிழைப்புத் தேடி வந்த வக்கீலான ஸ்டாமாடிஸ் ஓட்டுச் சேர்த்தது ஞானஸ்நானத் தொட்டியில்தான். தொட்டியிலிருந்து குழந்தையை ஏந்துகிறவர் அந்த வீட்டுக்குக் கும்பாரோஸ். அந்த வீட்டாரும் அவருக்கு அப்படியே; கூப்பிடும்போது ஆண் கும்பாரே, பெண் கும்பாரா. ரத்த உறவுக்கு ஒரு படி மேல். கும்பாரோஸுக்கு ஓட்டுப் போடாதவனை எங்கள் பக்கத்தில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். எண்ணெய் பூசிய குழந்தைகளை ஏந்தி ஏந்தி அவர் கோட்டில் மழைத்துளி ஒட்டாமல் வழுக்கி ஓடும்; என் கண்ணால் பார்த்தேன். சந்தையில் நின்று “மகனே” என்பார், பாதிச் சந்தை திரும்பும். ஒருமுறை ஒரு கழுதையும் திரும்பியது.

ஆனால் ஆண் குழந்தைகளை மட்டுமே ஏந்துவார். ஒரே ஞானத்தகப்பனின் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆண், பெண் இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்தும் இடதுசாரிகளைத் தீவுச் சிறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் மகள் ஃபோட்டினி பிறந்து பால் வாசனை மாறவில்லை, கோஸ்மாஸைத் தேடிப் போலீஸ் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் ஸ்டாமாடிஸிடம் ஓடினேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்றார். இல்லை என்றேன். பையனா என்றார். பெண் என்றேன். மனிதர் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் கோயில் வாசலில் போலீஸ் காத்திருந்தது. எண்ணெய் சொட்டும் ஃபோட்டினியை ஏந்தியபடி ஸ்டாமாடிஸ் வெளியே வந்தார், பக்கத்தில் கோஸ்மாஸ்.

“சார்ஜென்ட், இவர் என் கும்பாரோஸ். கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா என்னையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

சார்ஜென்ட் சர்க்கரை பூசிய பாதாமை ஒரு கை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கட்சிக்காரர்கள் ஸ்டாமாடிஸை வறுத்தெடுத்தார்கள்.

பிறகு பாராளுமன்றம் போனார், அமைச்சரானார். ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தபோது வீட்டைச் சாத்திக்கொண்டு தேனீ வளர்த்தார். அவர்கள் விழுந்ததும் மறுபடி அமைச்சரானார். அதற்குள் ஃபோட்டினி வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்துவிட்டாள். மலையில் கல்யாணமாகாத ஆண்களில் அவர் ஏந்தாதவர்கள் இரண்டே பேர்: ஒருவர் துறவி, மற்றவருக்குப் பல் இல்லை. அவள் மனம் வைத்ததோ மரமில்லில் வேலை பார்த்த லாம்ப்ரோஸ் மேல். அவனும் அவருடைய ஞானமகன். முடியாது என்றார் பாதிரியார். முடியாவிட்டால் மெல்போர்னில் லாம்ப்ரோஸின் மாமா இருக்கிறார், கப்பலேறிவிடுவோம் என்றாள் ஃபோட்டினி. மெல்போர்ன் போனவர்கள் புகைப்படமாகத்தான் திரும்புவார்கள்.

விலக்குத் தரக்கூடியவர் ஆயர் மட்டுமே. அவருடைய ஒலிவத் தோப்பின் நடுவேதான் ஸ்டாமாடிஸ் தார்ச்சாலை போட்டிருந்தார். இருந்தும் எங்களுக்காக ஆயரிடம் போனார். நானும் கூடப் போனேன். ஆயர் மாளிகை நடையில் மடியில் காணிக்கைப் பாலாடைக்கட்டியோடு உட்கார்ந்திருந்தார் அமைச்சர், உதவி கேட்டு அவர் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் போலவே. காலை போய் மதியமும் வந்தது.

“கும்பாரா, என் வாசல்ல கிடக்கிற பெஞ்சும் இப்படித்தான் உறுத்துமா?”

“இது பரவால்ல, கும்பாரே. அதுல ஒரு ஆணி வேற இருக்கு.”

ஆயர் சாப்பிட்டு முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“விலக்கு தர்றேன். ஆனா இனிமே நீங்க ஒரு குழந்தையையும் ஏந்தக் கூடாது. பாதி மாவட்டத்தை உடன்பிறப்பாக்கி வெச்சிருக்கீங்க.”

மரவெட்டியிடம் கோடரியைக் கேட்பது போலத்தான். அடுத்த தேர்தலுக்கு சோஷலிஸ்டுகள் ஒரு பல் மருத்துவரை நிறுத்தப்போவதாகப் பேச்சு. அந்த ஆள் அப்போதே குழந்தைகளை ஏந்தத் தொடங்கியிருந்தார். ஸ்டாமாடிஸ் மடியிலிருந்த பாலாடைக்கட்டியைப் பார்த்தார். எடுத்து ஆயரின் மேசையில் வைத்தார்.

“ஆகட்டும், ஆண்டகையே. பொண்ணு ஊர்லயே இருக்கட்டும்.”

கல்யாணம் நடந்தது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். நாடு முழுவதும் சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள். மறுநாள் காலை டிரைவர் இல்லை, கார் இல்லை. பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் இறங்கினார். கோஸ்மாஸ் ஒயினை ஊற்றிவிட்டு, குவளையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“கும்பாரே, வாழ்நாள் பூரா இடதுக்குப் போட்டேன், தோத்தோம். இந்த ஒரு தடவை உங்களுக்குப் போட்டேன். பார்த்து இந்தத் தடவைதான் எங்காளுங்க ஜெயிக்கணுமா?”

“அடுத்த தடவையும் எனக்கே போடுங்க,” என்றார் ஸ்டாமாடிஸ். “உங்க ஆளுங்களுக்கு ராசியா இருக்கு.”

இருவரையும் சாப்பிட வரச்சொல்லி ஃபோட்டினி குரல் கொடுத்தாள். மெல்போர்னிலிருந்து அல்ல, என் சமையலறையிலிருந்து.