மூன்று அழகர், ஒரே தேகம்

1. முதல் வாரம்

மதுரையில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது தொழிலாளிக்குப் போட்டோ எல்லாம் கிடையாது. ரிஜிஸ்தரில் பெயருக்கு நேரே தேக அமைப்பை எழுதவேண்டும். என் பெயருக்கு நேரே ஹெட்கிளார்க் "நோஞ்சான்" என்று எழுதிவைத்தார். எனக்கு மகா கோபம். மாற்றச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அழகர்கோவில் பக்கத்து ஊரிலிருந்து மூவர் சேர்ந்தார்கள். தலைப்பிள்ளைக்குச் சாமி பெயர் வைக்கும் ஊர் அது. மூவரும் அழகர். மூவருமே உயரம் குறைவு, உடம்பு திரட்சி. நான் யோசிக்கவேயில்லை. மூவருக்கும் "கட்டை குட்டை" என்று எழுதித் தள்ளினேன்.

2. தொலைந்த டோக்கன்

பஞ்சு மூட்டை சுமக்கும் அழகர், வண்டியூர்த் தெப்பக்குளத்தில் குளிக்கும்போது, கேட்டில் காட்டி உள்ளே வரவேண்டிய டோக்கனைத் தொலைத்துவிட்டார். வாச்மேன் ரிஜிஸ்தரைத் தவிர எதையும் நம்பாதவர். மூன்று பேருக்கும் ஒரே அடையாளம் இருந்ததால் இவரை உள்ளே விடவில்லை. இரண்டு நாள் வெளியிலேயே நின்றார். மூன்றாம் நாளும் வேலைக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது ஆளுக்கு எழுதுனதா, ஊருக்கே எழுதுனதா?"

மூவரையும் மில் கேட் பக்கத்தில் நிறுத்தித் திரும்ப எழுதினேன். ஒருவர் தாட்டியான ஆள், வயிறு முன்னால் வரும். இன்னொருவர் உருண்டை, கழுத்தைத் தேடவேண்டும். பஞ்சு மூட்டை அழகர்தான் மூவரிலும் குட்டை. ஆனால் தோள் அகலம், உடம்பு நல்ல இறுக்கம்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "குட்டைன்னு மட்டும் போட்டுறாதீகய்யா. மச்சினன் இங்கனதான் வேலை பாக்கான். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

நோஞ்சான் என்று எழுதப்பட்ட என் மனது இளகிவிட்டது. "வாட்டசாட்டமான, கட்டுமஸ்தான தேகம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

3. மூன்றாம் நாள்

காலையில் வாச்மேன் ரிஜிஸ்தரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வாட்டசாட்டமான ஆளுன்னுல்ல எழுதியிருக்கு. நீ என் தோளுக்குத்தான வாரே. போ, அந்த ஆளை வரச் சொல்லு."

சங்கு ஊத ஐந்து நிமிஷம். அழகருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பேனாவோடு ஓடினேன். கேட்டிலேயே பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "குட்டை. அகன்ற தோள். இறுகிய உடம்பு." வாச்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"இனிமே குள்ளன்னுகூட எழுதுங்கய்யா," என்றார் அழகர். "வீட்ல நாலு வாயி இருக்கு."

ஆபீசுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணில் பட்டதை எழுதுங்கள். நீங்கள் தாட்சண்யம் பார்த்து எழுதினால் வெளியே நிற்கப்போவது அவர்தான்.

அது நடந்த அடுத்த மாதம் நானே என் டோக்கனை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டில் புது வாச்மேன். ரிஜிஸ்தரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார்.