'ஜஸ்ட்' காண்ட்ராக்டர் துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சேகர், முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு துப்பாக்கிச் சண்டை போட்டார்.

பதறாதீர்கள். துப்பாக்கியைப் பற்றிய சண்டை. அதுவும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மஸ்கெட் துப்பாக்கி. கிட்டத்தட்ட ஆளுயரம் இருக்கும். குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். இப்போது அதை வைத்து ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது.

அது எப்படி அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தது? பக்கத்து வீட்டு பாப் அங்கிள் கொடுத்தார். தனியாக இருக்கிற பெரியவர். பனி கொட்டினால் எங்கள் டிரைவ்வேயோடு அவருடையதையும் சேர்த்து வழித்துவிடுவது சேகர்தான். இப்போது பாப் வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவில் மகளிடம் போகிறார். போகிறவர், "என் ஞாபகமா வெச்சுக்கோ" என்று பேஸ்மென்ட்டில் கிடந்த துப்பாக்கியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சேகருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு வேறு கவலை.

"ஏங்க, இது நெஜமாவே பெரிய விலை போறதா இருந்தா? வயசானவர், தெரியாம குடுத்துட்டார்னா? நாம வெச்சுக்கறது நல்லாவா இருக்கும்?"

"சரி, விசாரிப்போம். காயலான் கடைச் சரக்குன்னா வெச்சுக்கலாம். விலை உள்ளதுன்னா திருப்பிக் குடுத்துடலாம். போதுமா?"

போதும். ஆனால் அன்றிலிருந்து மனிதர் காலையில் விபூதி இட்டுக்கொள்ளும்போதெல்லாம் ஒரே வேண்டுதல் – பிள்ளையாரப்பா, துப்பாக்கி மட்டமானதா இருக்கணும்!

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் நம்மிடம் என்ன ஆயுதம் இருக்கிறது? லேப்டாப், கார் சாவி, இட்லி மாவு கிரைண்டர். முதல் முறையாக வீட்டில் ஓர் ஒரிஜினல் ஆயுதம்... விடுவேனா? புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கலாம் என்று போனேன். சேகர் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். பழைய இரும்பின் கறையைத் தேய்த்து எடுத்தால் மதிப்பே போய்விடுமாம், ஏதோ வீடியோவில் பார்த்தாராம். மதிப்பு வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறவருக்கு இந்த அக்கறை எதற்கு? சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன்.

போன ஞாயிறு, பக்கத்து ஊர் ஃபயர் ஸ்டேஷன் ஹாலில் ஆன்டிக் ஷோ. பழைய பொருளைக் கொண்டுபோனால் பார்த்து விலை சொல்வார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் லாட்டரிக் களை. என் கணவர் மட்டும் ரிசல்ட்டில் ஃபெயில் ஆக வேண்டும் என்று நிற்கிற பையனைப் போல் நின்றார்.

ராணுவச் சாமான்களைப் பார்ப்பவர் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். துப்பாக்கியை வாங்கினார். பக்கவாட்டில் இருந்த இரும்புத் தகட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இந்தச் சிவப்பு என்ன? துருவா?"

"குங்குமம்... ஃபார் பிரேயர்" என்றேன்.

தாடிக்காரர் சிரித்துவிட்டார். தேய்ந்த எழுத்தைப் படிக்க அவர்கள் சாக்பீஸ் தூள் தடவுவார்களாம். என் குங்குமம் அந்த வேலையைப் பார்த்துவிட்டது. தகட்டில் இருந்த கழுகு, வருஷம், செய்த கம்பெனியின் பெயர் – எல்லாம் சிவப்பாக, பளிச்சென்று தெரிந்தன.

பெயரைப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் செய்ததாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. போர் சமயத்தில் அவர்களால் முடியவில்லை என்று வெளிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். இது ஜஸ்ட் எ காண்ட்ராக்டர் பீஸ்."

சேகர் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. தேங்க்யூ சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியதுதானே?

வரவில்லை. காரணம் அந்தச் சொல்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேகர் ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறார் – பல வருஷமாக, காண்ட்ராக்டராக. பக்கத்து சீட்காரர் செய்கிற அதே வேலை. ஆனால் கழுத்தில் தொங்குகிற பேட்ஜ் வேறு கலர். எம்ப்ளாயீஸ் எல்லோரும் கம்பெனி பிக்னிக் போனால் இவர் சீட்டில் இருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரின்யூவல் வருமா, வராதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஆட்களின் பர்த்டே பார்ட்டியில் சமோசா வருவதற்கு முன்னாலேயே கேள்வி வரும்: "ஃபுல் டைமா, காண்ட்ராக்டரா?" வீட்டில் ஒரு நாளும் இவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்று திறந்தார்.

"வாட் டு யூ மீன், ஜஸ்ட்?"

"ஏங்க, மட்டம்னுதான சொல்றார்? அதான உங்களுக்கு வேணும்? வாங்க போலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ சும்மா இரு."

அப்புறம் நடந்தது விசாரணை. டிசைன் யார் கொடுத்தது? அரசாங்கம். அளவில் வித்தியாசம் உண்டா? இல்லை, ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் பொருந்த வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். யார் சோதித்துப் பார்த்தார்கள்? அரசாங்க இன்ஸ்பெக்டர். பாஸானால் மரக்கட்டையில் முத்திரை குத்துவார்.

"ஸேம் ஸ்பெக், ஸேம் டெஸ்டிங், ஸேம் யுத்தம்" என்றார் சேகர். "இதைத் தூக்கிக்கிட்டு ஓடின சோல்ஜர் மட்டும் பாதி தூரம் ஓடினானா? அப்புறம் ஏன் ஜஸ்ட்?"

தாடிக்காரர் நேர்மையானவர். லென்ஸை எடுத்தார். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தார்.

குழலில் இருந்த வருஷமும் தகட்டில் இருந்த வருஷமும் ஒன்று. மரத்தில் இன்ஸ்பெக்டர் முத்திரை மழுங்காமல் இருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பல, இரண்டு மூன்றை உடைத்து ஒன்றாக ஒட்டுப்போட்டவையாம். இதில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அதோடு, இந்தக் கம்பெனி கொஞ்சம் துப்பாக்கிகளைக் கொடுத்ததோடு மூடப்பட்டுவிட்டது. அதனால் இது சுலபத்தில் கிடைக்காது. இதற்கென்றே தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

"உண்மையில், அதே வருஷத்து அரசாங்கத் துப்பாக்கியைவிட இது அதிகம் போகும்" என்று ஒரு விலையைச் சொன்னார். எங்கள் இரண்டாவது காரை விற்றால்கூட அவ்வளவு வராது.

சேகர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஐ டோல்ட் யூ!" வரிசையில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். பார்க்கிங் லாட் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ரூட் எய்ட்டீன் சிக்னலில்தான் முகம் மாறியது.

"அப்போ... திருப்பிக் குடுக்கணுமா?"

"நீங்கதான சொன்னீங்க? மட்டம்னு சொன்னவரை விட்டீங்களா? வாதாடி வாதாடி விலையை ஏத்திவிட்டது யாரு?"

பாவமாகத்தான் இருந்தது. "கவலைப்படாதீங்க, நாம நீட்டறது நம்ம மரியாதைக்கு. குடுத்த பொருளை யாராவது திருப்பி வாங்குவாங்களா?" என்று தைரியம் சொன்னேன்.

பாப் வீட்டு வாசலில் நின்று சேகர் விலையைச் சொன்னார். பாப் மெல்ல விசிலடித்தார்.

"திருப்பிக் கொடுக்கிறாயா? ஆர் யூ ஷ்யூர்?"

சொல்லுங்கள், முதல் தடவை கேட்டதும் "சரி, நானே வைத்துக்கொள்கிறேன்" என்று நம்மில் யார் சொல்வோம்? விருந்துக்குப் போன வீட்டில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றால், பசியே இருந்தாலும் முதலில் இலை மேல் கையை வைத்து மறைப்பதுதானே வழக்கம்? அவர்கள் மறுபடி கேட்க வேண்டும், நாம் மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாவது தடவைதான் கையை எடுக்க வேண்டும்.

"ஷ்யூர், ஷ்யூர்" என்றார் சேகர். இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார். நானும்தான்.

பாப் கேட்கவில்லை. "யூ ஆர் எ குட் மேன்" என்று கட்டிப்பிடித்தார். துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்தார். கண் கலங்க, கையில் பனானா பிரெட் கொடுத்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பிரெட்டை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "வருத்தமா இருக்கா?"

"இல்லாம? ஆனா அந்த ஆள் வாயாலேயே 'ஜஸ்ட்'டை எடுக்க வெச்சேன்ல? அது எனக்குப் போதும்" என்றார்.

ஊரிலிருந்து வரும்போது ஏர்போர்ட் கஸ்டம்ஸில் ஊறுகாயைப் பிடுங்குகிறார்கள், கறிவேப்பிலையைப் பிடுங்குகிறார்கள்... இந்த உபசார "வேண்டாம்"-ஐ மட்டும் ஏன்தான் விட்டுவைக்கிறார்களோ!